இரண்டரை நொடிக்குள் ஒரு சேலை

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் ஒரு சேலைக்கடை என்று வைத்துக்கொள்வோம். விசைத்தறிச் சேலைகளை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, கீழே கடையின் இணையதள முகவரியையும் கொடுக்கிறார்கள். மாலை ஏழு மணிக்கு ஒரு போன் வருகிறது: “அக்கா, உங்க சைட்டு சுத்திக்கிட்டே இருக்குங்க. அந்த மாம்பழக் கலர் சேலை போட்டோ மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பிவிடறீங்களா?” அக்காவும் அனுப்பிவிடுகிறார். வியாபாரமும் நடந்துவிடுகிறது. அதனால் வந்தது ஒரு புகார் என்றே கடையில் யாருக்கும் தோன்றுவதில்லை.

அது புகார்தான். அதுவும் பொறுமைசாலி ஒருவர் சொன்ன புகார். அதே மாலையில் அதே முகவரியைத் தொட்டு, வெள்ளைத் திரையைச் சில நொடி பார்த்துவிட்டு, பேசாமல் வேறு கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. கடைவாசல்வரை வந்து திரும்பியவரைக் கல்லாவில் இருப்பவர் கண்ணால் பார்த்துவிடலாம். இணையதளத்தின் வாசலில் திரும்பியவரைப் பார்க்க அளவை வேண்டும்.

காத்திருப்பை அளப்பதற்கு முன் மனிதரைப் பற்றிய ஒரு கணக்கு தேவைப்படுகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் மில்லர் 1968-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். ஒரு கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. பதில் வர எவ்வளவு நேரம் ஆனால் மனிதருக்குத் தான் செய்துகொண்டிருந்த வேலையின் தொடர்ச்சி அறுந்துபோகிறது என்று அவர் ஆராய்ந்தார். பின்னர் 1993-இல் ஜேக்கப் நீல்சன் தம் நூலில் இதை மூன்று எல்லைகளாகச் சுருக்கித் தந்தார். பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால், நாம் தொட்டதும் நடந்ததும் ஒன்றாகவே தோன்றும். ஒரு நொடிக்குள் வந்தால் தாமதம் தெரியும், எண்ண ஓட்டம் அறாது. பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும். கணினிகள் அதற்குப் பிறகு எத்தனையோ மடங்கு வேகமாகிவிட்டன. இந்த மூன்று எல்லைகளும் அப்படியே இருக்கின்றன, ஏனென்றால் அவை நம் மூளையின் எல்லைகள்.

கூகுள் 2020-இல் அறிவித்த மூன்று அளவைகளும் இந்த மரபில் வந்தவையே. திரையில் தெரியும் பகுதிகளில் மிகப் பெரியது வந்து சேர ஆகும் நேரம் முதலாவது. சேலைக்கடையில் அது அநேகமாக முதல் படம். இதை எல்.சி.பி. என்கிறார்கள். 2.5 நொடிக்குள் வந்தால் நன்று, 4 நொடியைத் தாண்டினால் மோசம். தொட்ட பொத்தானுக்குத் திரை பதில் காட்ட ஆகும் நேரம் இரண்டாவது. பழைய அளவை ஒன்றை நீக்கிவிட்டு 2024 மார்ச்சில் இதற்கு ஐ.என்.பி. என்ற அளவையைக் கொண்டுவந்தார்கள். 200 மில்லி நொடிக்குள் நன்று, 500-ஐத் தாண்டினால் மோசம். மூன்றாவது சி.எல்.எஸ்.: படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்பது. 0.1-க்குள் இருக்க வேண்டும்.

இந்த எண்களை யாருடைய போனில் எடுப்பது? சிறு வியாபாரிகளின் இணையதளங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே தவறிவிடுகின்றன. “எங்க போன்ல நல்லாத்தானே ஓடுது” என்று கடைக்காரர் சொல்வது முழு உண்மை. அவர் போன் நல்ல விலை போன். கடையில் ஃபைபர் இணைப்பும் வைஃபையும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பக்கத்தை அவர் தினமும் திறக்கிறார். படங்களும் எழுத்துருக்களும் அவர் போனின் சேமிப்பில் ஏற்கெனவே இருக்கின்றன, நெட்டிலிருந்து வருவது கொஞ்சம்தான். இன்ஸ்டாகிராமில் தொட்டு வருகிறவருக்கோ அது முதல் வருகை. பழைய போன், மாலை நேர நெரிசலில் திணறும் 4ஜி, பேருந்தின் ஜன்னலோரம். அவருக்கு எல்லாமே புதிதாக வந்தாக வேண்டும். அவர் திறப்பது வேறொரு கடை என்றே சொல்லலாம்.

அந்தக் கடையைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஆய்வுக்கூடச் சோதனை. கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால், அது ஒரு சுமாரான போனைப்போல் நடித்துப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறது. நொடிக்கு 1.6 மெகாபிட் வேகம், ஒருமுறை போய்வர 150 மில்லி நொடி, போனின் செயலி நான்கு மடங்கு மந்தம் என்பது அதன் கணக்கு. முடிவில் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் வரும். இந்த மதிப்பெண்ணைத்தான் பலரும் படம்பிடித்துப் பகிர்கிறார்கள். அதற்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை என்பது என் கருத்து. அதே பக்கத்தை ஐந்து முறை சோதித்தால் ஐந்து மதிப்பெண் வரக்கூடும். ஐந்தில் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். கீழே விவரமாக வரும் பட்டியல்தான் மதிப்பெண்ணைவிடப் பயனுள்ளது: எது எத்தனை கிலோபைட், எது எதற்காகக் காத்திருந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு வழி களத்தில் அளப்பது. உண்மையான மனிதர்கள், உண்மையான போன்களில், உண்மையில் எவ்வளவு காத்திருந்தார்கள் என்பது. குரோம் பிரவுசர் பயன்படுத்துவோரிடமிருந்து சேர்ந்த கடந்த 28 நாள் கணக்கைக் கூகுள் அதே பக்கத்தின் மேல்பகுதியில் காட்டுகிறது. ஆனால் போதிய அளவு ஆட்கள் வந்த தளங்களுக்கு மட்டுமே அந்தக் கணக்கு உண்டு. நம் இளம்பிள்ளைக் கடைக்கு அந்த இடம் காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய கடைக்கு இலவசமாகக் கிடைக்கும் அளவை, அது அதிகம் தேவைப்படும் சிறிய கடைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே சிறிய கடை தானே அளந்துகொள்ள வேண்டும். இதற்கென வெப்-வைட்டல்ஸ் என்ற சிறு நிரல் இலவசமாகக் கிடைக்கிறது, எடை சில கிலோபைட்தான். தளம் கட்டிக்கொடுத்தவரிடம் சொன்னால், வருகிற ஒவ்வொருவரின் மூன்று எண்களும், எந்தப் பக்கம், எந்த வகை போன் என்பதோடு சேர்ந்து பதிவாகும்படி செய்துவிடுவார். வேறு எதற்குக் காசு செலவழிப்பதற்கும் முன்னால் இதைச் செய்துவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

எண்கள் வந்த பிறகு சராசரியைப் போட்டுவிடக் கூடாது. பத்துப் பேர் வந்தார்கள். ஏழு பேருக்கு ஒன்றரை நொடியில் பக்கம் வந்தது, மூன்று பேருக்கு ஒன்பது நொடி ஆனது. சராசரி 3.75 நொடி. ஆனால் 3.75 நொடி காத்திருந்தவர் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. ஏழு பேருக்குக் குறையே கிடையாது. மூன்று பேருக்குக் கடை மூடியிருப்பதுபோலத்தான். இதனால்தான் கூகுளின் அளவைகள் 75-ஆவது சதமானத்தைக் கேட்கின்றன. காத்திருந்த நேரங்களைக் குறைவிலிருந்து கூடுதலாக வரிசைப்படுத்தி, முக்கால் பங்கு பேரைத் தாண்டும் இடத்தில் நிற்பவரின் எண் எது என்று பார்ப்பது. மேலே சொன்ன பத்துப் பேரில் அது ஒன்பது நொடி. அந்த எட்டாவது ஆளுக்காகத்தான் வேலை செய்ய வேண்டும்.

ஒன்பது நொடி எங்கே போகிறது? “நெட் ஸ்லோ” என்பது எல்லோரும் சொல்லும் பதில். நெட் வேகம் என்று விளம்பரங்களில் வரும் மெகாபிட் எண் ஒரு பாதி உண்மையைத்தான் சொல்கிறது. கிணற்றில் நீர் இறைப்பதை எண்ணிப்பாருங்கள். வாளி பெரிதானால் ஒரு தடவையில் அதிக நீர் வரும். ஆனால் கிணறு ஆழமாக இருந்தால், எவ்வளவு பெரிய வாளியானாலும் கயிறு கீழே போய் மேலே வரும் நேரம் குறையாது. மெகாபிட் என்பது வாளி. நம் போனிலிருந்து சர்வர் வரை ஒருமுறை போய்வரும் நேரம் கிணற்றின் ஆழம்.

இந்த ஆழத்துக்கு இயற்பியல் போட்ட ஓர் எல்லை உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு. மலிவான ஹோஸ்டிங் வாங்கும் பலருடைய சர்வர் அமெரிக்காவில் இருக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் டேட்டா சென்டர்களுக்குப் பேர்போனது. சென்னையிலிருந்து அங்கே உலக உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியில் போனாலே 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர, எந்த இடத்திலும் நிற்காமல், 130 மில்லி நொடிக்குக் குறையாது. கடலடி கேபிள்கள் நேர்வழியில் போவதில்லை, நடுவில் எத்தனையோ சந்திப்புகள் வேறு. நடைமுறையில் 200-ஐத் தாண்டிவிடும். மும்பையில் சர்வர் இருந்தால் சென்னையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர்தான். ஒளி அந்தத் தூரத்தைப் போய்வர 10 மில்லி நொடி போதும்.

ஒரு தடவைக்கு 200 மில்லி நொடி என்றால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஒரு தடவையோடு முடிவதில்லை. கடையின் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்டுவர ஒரு பயணம். சர்வரோடு இணைப்பைத் தொடங்க ஒன்று. பூட்டுப் படம் காட்டும் பாதுகாப்பு இணைப்புக்கு, 2018-இல் வந்த புதிய முறையில் ஒன்று, பழைய முறையில் இரண்டு. அதற்குப் பிறகுதான் “பக்கத்தைக் கொடு” என்று கேட்கும் பயணம். முகவரி தேடும் பயணம் பெரும்பாலும் அருகிலேயே முடிந்துவிடும் என்று விட்டுவிட்டாலும், முதல் எழுத்து வருவதற்குள் குறைந்தது மூன்று முறை கடல் தாண்டிப் போய்வந்தாயிற்று. முகவரியை ஒரு விதமாகத் தட்டினால் இன்னொரு விதத்துக்குத் திருப்பிவிடும் தளங்கள் உண்டு. அந்தத் திருப்பல் ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஒரு பயணம்.

இதோடும் முடியவில்லை. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அதிலிருந்து வெறும் 400 கஜ தூரத்தில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணைய இணைப்பு திடீரெனப் படுத்துவிட்டது. நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட்தான் போனது. எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் அவசரப்பட்டு அனுப்பியதால் வந்த நெரிசல். ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988-இல் ஒரு தீர்வை வெளியிட்டார். எந்த இணைப்பும் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் கொட்டக் கூடாது. கொஞ்சமாக அனுப்பி, சேர்ந்ததா என்று பதில் வந்தபின் இரு மடங்காக்கி, மறுபடி இரு மடங்காக்கிப் போக வேண்டும். இன்றும் இணையம் நெரிசலில் சாயாமல் நிற்பதற்கு இந்த நிதானம் ஒரு முக்கியக் காரணம். இப்போது பெரும்பாலான சர்வர்கள் முதல் தடவையில் பத்துப் பொட்டலம் அனுப்புகின்றன, அதாவது சுமார் 14 கிலோபைட். அடுத்து 29, அடுத்து 58, அடுத்து 117. ஆக, 200 கிலோபைட் எடையுள்ள ஒரு பக்கம் வந்து சேர நான்கு பயணம் ஆகும். வாடிக்கையாளர் நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு வைத்திருந்தாலும் இந்த நான்கு குறையாது. அமெரிக்க சர்வர் என்றால் இதற்கே முக்கால் நொடிக்கு மேல்.

எனவே கடைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “நம்ம சர்வர் எந்த ஊர்ல இருக்கு?” என்பது. வாடிக்கையாளர்கள் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இருக்க, சர்வர் மட்டும் கடல் கடந்து இருப்பதற்குக் காரணமே இல்லை. மாற்ற முடியாவிட்டால் சி.டி.என். என்ற வழி இருக்கிறது: படங்களின் நகல்களை ஊர் ஊராக வைத்திருந்து, கேட்பவருக்கு அருகிலிருந்து தருவது. எம்.ஐ.டி.யின் டாம் லெய்ட்டனும் டேனியல் லெவினும் 1998-இல் தொடங்கிய ஆகமாய் நிறுவனம் இதைத் தொழிலாக வளர்த்தது. அப்போது பெரிய நிறுவனங்களால் மட்டுமே அதற்குப் பணம் கட்ட முடிந்தது. இன்று கிளவுட்ஃபிளேர் போன்றவை சிறு தளங்களுக்கு இலவசமாகவே தருகின்றன. கிளவுட்ஃபிளேரின் சர்வர்கள் சென்னையில் 2015 முதல் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: படங்களின் நகல்தான் இயல்பாக வைக்கப்படும். பக்கத்தின் உடலை ஒவ்வொரு தடவையும் உண்மையான சர்வரே தயாரித்துத் தர வேண்டியிருந்தால், அந்தக் காத்திருப்பு அப்படியே இருக்கும்.

இனி எடை. சேலைக்கடையில் எடை என்றால் படம்தான். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இன்றைய போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் 3,000 பிக்சல் அகலமும் 4,000 உயரமும் கொண்டது. கோப்பின் எடை சுமார் 4 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்கும் வாடிக்கையாளரின் திரை 1,080 பிக்சல் அகலம். முழுத் திரையை நிறைக்கவே 1,080-க்கு 1,440 போதும், அதாவது 15 லட்சம் பிக்சல். அனுப்பியது 120 லட்சம். எட்டில் ஏழு பங்கு பிக்சல், பாடுபட்டு வந்து சேர்ந்து, யார் கண்ணிலும் படாமல் போகிறது. வந்ததை விரிப்பதற்கும் விலை உண்டு. ஒரு பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் முழு அளவில் விரித்தால் ஒரே படத்துக்கு 48 மெகாபைட் நினைவகம். விலை குறைந்த போன் திணறுவது இங்கேதான். இப்படி 40 சேலை உள்ள ஒரு பட்டியல் பக்கம் 160 மெகாபைட் ஆகிறது. நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா போட்டு வைத்திருப்பவரின் கணக்கில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், ஒரு கடைக்குள் எட்டிப்பார்த்ததற்கே போய்விடுகிறது. அது வாடிக்கையாளரின் காசு. இந்த நினைப்பு தளம் கட்டுபவருக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் 2015 முதல் ஒரே படத்தைப் பல அளவுகளில் வைத்துக்கொண்டு, திரைக்கு ஏற்றதை அனுப்புகின்றன. ஆனாலும் பேனர் படங்கள், கையால் ஒட்டிய படங்கள், அவசரத்தில் கட்டிய தளங்கள் இந்த ஏற்பாட்டுக்குத் தப்பிவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் கேட்ட சேலை சட்டென்று வந்துவிடுவதன் ரகசியமும் இதுதான். வாட்ஸ்அப் அனுப்பும் முன்பே படத்தைச் சில நூறு கிலோபைட்டுக்குச் சுருக்கிவிடுகிறது. வாடிக்கையாளர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சேலை வாங்குகிறார்!

சுருக்கும் கலையின் வேர் நமக்குப் பக்கத்து ஊருக்காரர் ஒருவரிடம் இருக்கிறது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, 1970-களின் தொடக்கத்தில் இதற்கான ஒரு கணித உத்தியை ஆராய நிதி கேட்டு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. இருந்தும் விடாமல், டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் அதை வெளியிட்டார். 1992-இல் வந்த ஜேபெக் முறை இந்த உத்தியின் மேல் நிற்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் அலைகள், வேகமாக மாறும் அலைகள் என்று பிரித்துப் பார்க்கிறது. வேகமான அலைகளில் நம் கண் நுட்பமாகக் கவனிக்காதவற்றை விட்டுவிடுகிறது.

சேலைக்கு வரும்போது இதில் ஒரு சிக்கல். உடல் பகுதி ஒரே நிறமாக விரிந்திருந்தால் அருமையாகச் சுருங்கும். ஜரிகைக் கரையோ மிக நெருக்கமான கோடுகள், புட்டாக்கள். எல்லாம் வேகமான அலைகள். சுருக்கம் எதைத் தள்ளுகிறதோ அதைப் பார்த்துத்தான் பெண்கள் சேலையை எடுக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. ஜேபெக்கில் வழக்கமாக, வெளிச்சத்தின் விவரத்தை முழுமையாக வைத்துக்கொண்டு, நிறத்தின் விவரத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிவிடுவார்கள். அரக்குச் சிவப்பில் ஓடும் மெல்லிய தங்கக் கோட்டின் ஓரம் கலங்கித் தெரிவது அதனால்தான். கூகுள் 2010-இல் கொண்டுவந்த வெப்-பி வகைப் படங்கள் ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறியவை என்கிறது அந்நிறுவனம். ஆனால் அதன் வழக்கமான சுருக்கத்திலும் நிறம் இப்படிப் பாதியாவதைத் தவிர்க்க வழியே இல்லை. ஏவிஐஎஃப் என்ற புதிய வகையில் நிறத்தை முழுதாக வைக்க முடியும்.

ஆகவே எல்லாப் படத்துக்கும் ஒரே சுருக்கம் என்ற பேச்சு இந்தக் கடைக்குப் பொருந்தாது. பட்டியலில் இரண்டிரண்டாக வரும் படங்களுக்கு 540 பிக்சல் அகலம் போதும். நன்றாகச் சுருக்கலாம், ஒவ்வொன்றும் 50 கிலோபைட்டுக்குள் அடங்கும். திரையில் முதலில் தெரியும் ஆறு படங்கள் மட்டும் உடனே வரட்டும். மற்றவை விரல் கீழே தள்ளும்போது வரட்டும். 160 மெகாபைட் இருந்த இடத்தில் முதல் பார்வைக்கு 300 கிலோபைட். கரையை உற்றுப் பார்க்க விரும்பி ஒருவர் படத்தைத் தொட்டால், அப்போது, அந்த ஒரு சேலைக்கு மட்டும், நிறம் குறையாத பெரிய படத்தைக் கொடுங்கள். தானே விரும்பிக் கேட்டவர் இரண்டு நொடி மகிழ்ச்சியாகவே காத்திருப்பார்.

இந்த ஏற்பாட்டில் பலர் செய்யும் பிழை ஒன்று. “தள்ளும்போது வரட்டும்” என்ற குறிப்பை எல்லாப் படத்துக்கும் போட்டுவிடுகிறார்கள், உச்சியில் இருக்கும் முதல் படத்துக்கும் சேர்த்து. பக்கத்தின் வடிவம் முடிவாகும்வரை அந்தப் படத்தை பிரவுசர் தொடாது. எல்.சி.பி. எண்ணில் நேரடியாக அடி விழும். முதல் படத்துக்கு அவசரம் என்று தனியாகக் குறிப்புக் கொடுக்க வேண்டும். ஐந்து படம் மாறி மாறி ஓடும் ஸ்லைடரை என்னைக் கேட்டால் எடுத்துவிடச் சொல்வேன். அநேகம் பேர் முதல் படம் மாறுவதற்குள் கீழே போய்விடுகிறார்கள். மற்ற நான்கும் முதல் படத்தோடு போட்டியிட்டு அதைத் தாமதப்படுத்துவதோடு சரி.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு பயம் உண்டு. யூனிகோடில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், ‘கொ’ என்றால் ஆறு. ஆனால் ஐயாயிரம் குறியீடு கொண்ட நீண்ட பக்கம்கூட 15 கிலோபைட்தான், சர்வர் சுருக்கி அனுப்பும்போது அதுவும் வெகுவாகக் குறையும். ஒரு படத்துக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. எடை எழுத்துருவில் இருக்கிறது. அழகுக்காக நான்கைந்து தமிழ் எழுத்துருக் கோப்புகளை ஏற்றிவிட்டு, அவை வரும்வரை சில நொடி எழுத்தே தெரியாமல் வைத்திருக்கும் தளங்களைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனிலேயே நல்ல தமிழ் எழுத்துரு இருக்கிறது. விலைப்பட்டியலுக்கு அது போதும். விலைப்பட்டியலையே போஸ்டராக வடிவமைத்துப் படமாக ஏற்றுவது, எழுத்துரு பொருந்தாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தின் பழக்கம். அந்தக் காலம் போய்விட்டது.

படம் வந்துவிட்டது, தொட்டால் நகரவில்லை என்பது வேறு வகைக் காத்திருப்பு. பக்கத்தோடு வரும் நிரல்கள்தான் காரணம். அரட்டைப் பெட்டி, விளம்பரக் கண்காணிப்பு, “பத்து சதவீதத் தள்ளுபடி” என்று மேலே தாவும் பெட்டி, எப்போதோ போட்டு மறந்த ஒரு கவுன்டர். பிரவுசரில் திரையை வரைவதும் விரலுக்குப் பதில் சொல்வதும் இந்த நிரல்களை ஓட்டுவதும் ஒரே வரிசையில் நடக்கும் வேலைகள். 50 மில்லி நொடிக்கு மேல் வரிசையை அடைத்து நிற்கும் எதையும் நீண்ட வேலை என்று கணக்கெடுக்கிறார்கள். விலை குறைந்த போனில் இப்படி நாலைந்து வந்தால் ‘கூடையில் சேர்’ பொத்தான் உயிரில்லாததுபோல் கிடக்கும். வாடிக்கையாளர் மறுபடி தட்டுவார், கூடையில் இரண்டு சேலை ஏறிவிடும். ஒவ்வொரு நிரலையும் எடுத்துவிட்டு அளந்து பார்த்து, அது கொண்டுவரும் பயன் என்ன என்று கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. பக்கம் குதிப்பதும் இப்படித்தான். தாமதமாக வந்த ஒரு பேனர் பக்கம் முழுவதையும் திரையின் ஐந்தில் ஒரு பங்கு கீழே தள்ளினால், அந்த ஒரே குதிப்புக்கு சி.எல்.எஸ். 0.2 ஆகிவிடும், நல்ல எல்லையைப்போல் இரு மடங்கு. படங்களுக்கும் பேனருக்கும் அகல உயரத்தை முன்பே எழுதி இடம் ஒதுக்கினால் போதும்.

இவ்வளவும் செய்தால் விற்பனை கூடுமா? பேருந்து முன்பதிவுத் தளமான ரெட்பஸ், தொட்டதற்குப் பதில் தரும் நேரத்தைச் சீர்செய்தபின் விற்பனை 7 சதவீதம் கூடியதாகத் தெரிவித்திருக்கிறது. நம்பத்தக்க கணக்குதான். ஆனால் சிறிய கடை இதே 7 சதவீதத்தைத் தன் கல்லாவில் தேடினால் ஏமாறும். வாரத்துக்கு 1,000 பேர் வந்து 20 பேர் வாங்குகிறார்கள் என்றால், எதையும் மாற்றாமலே அந்த 20 ஒரு வாரம் 15 ஆகும், ஒரு வாரம் 25 ஆகும். தற்செயலின் ஆட்டமே அவ்வளவு இருக்கும். அதற்குள் 7 சதவீதத்தை உறுதியாகப் பிரித்தறிய, பழைய பக்கத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர், புதிய பக்கத்துக்கு ஒன்றரை லட்சம் பேர் வர வேண்டும். நம் கடைக்கு அது பல வருடக் கணக்கு, நடுவில் எத்தனையோ தீபாவளி வந்துபோகும். அதனால் சிறு வியாபாரி விற்பனையைப் பார்த்து முடிவெடுக்காமல் நேரத்தையே அளக்க வேண்டும். நேரம் ஒவ்வொரு வருகையிலும் பதிவாகிறது. சில நூறு வருகையிலேயே மாற்றம் தெரிந்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், முன்னும் பின்னும் முழு வாரங்கள் என்று வைத்துக்கொண்டால் எது எதைச் செய்தது என்பதும் குழம்பாது.

நேரமும் ஒரு இடத்தில் நம்மைக் குழப்பும். யூடியூபில் பொறியாளராக இருந்த கிறிஸ் சக்கரியாஸ் 2012-இல் எழுதிய அனுபவம் அது. வீடியோ பார்க்கும் பக்கம் 1.2 மெகாபைட் ஆகிவிட்டிருந்தது. அதை அவர் 98 கிலோபைட்டாக இளைக்கவைத்தார். சிறிய அளவில் வெளியிட்டுப் பார்த்தார்கள். சராசரிக் காத்திருப்பு குறையவில்லை, கூடியிருந்தது! எங்கிருந்து வந்த வருகைகள் என்று ஊர்வாரியாகப் பிரித்தபோது விஷயம் விளங்கியது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியாவின் ஒதுக்குப்புறங்கள் ஆகிய இடங்களிலிருந்து வருகை பெருகியிருந்தது. அங்கே புதிய பக்கம் வர இரண்டு நிமிடம் ஆனது. பழைய பக்கம் வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும், அதாவது அவர்களால் அதுவரை வீடியோ பார்க்கவே முடிந்ததில்லை. பக்கம் வருவதற்குள் போய்விட்டவர்கள் அளவையில் பதிவாகவில்லை. பக்கம் இளைத்தபின் அவர்கள் உள்ளே வந்தார்கள், தங்கள் இரண்டு நிமிடத்தையும் கூட்டலில் சேர்த்துக்கொண்டு.

இளம்பிள்ளைக் கடைக்கும் இது நடக்கலாம். அதனால் நொடிகளோடு இன்னும் இரண்டு எண்களையும் எடுத்து வைக்க வேண்டும்: எத்தனை பேருக்குப் பக்கம் வரத் தொடங்கியது, அவர்களில் எத்தனை பேர் முதல் படம் வரும்வரை இருந்தார்கள். பக்கத்தின் தலைப்பகுதியிலேயே ஒரு சிறு குறிப்பை அனுப்பும் வரியை வைத்தால், கீழே எதுவும் வராமல் போனவரும் அதிகம் தப்பாமல் கணக்கில் ஏறுவார். திருத்தம் செய்த மாதத்தில் 75-ஆவது சதமானம் கூடித் தெரிந்தால், திருத்தத்தைத் திரும்பப் பெறுவதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். பிறகு மாவட்டம் வாரியாக, போன் வகை வாரியாகப் பிரியுங்கள். முன்பு பட்டியலிலேயே இல்லாத ஊர்கள் வந்திருந்தால், அவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு சதமானம் போட்டு, அடுத்த மாத வேலையை அந்த ஊர்களின் எண்ணிலிருந்து தொடங்கலாம்.